தாலி ஏறினதும் போட்ட பாட்டு

எங்கூட்டுல ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் தடை இருந்துதுங்க. எல்லாக் கட்சிக்காரங்களும் கொடியோட உள்ள வந்திருக்காங்க, சாமியே இல்லைன்னு பேசறவங்க வந்து சோறு தின்னுட்டுப் போயிருக்காங்க, ஒருத்தரையும் வேண்டாம்னு சொன்னதில்லை. ஆனா 'ஏற்றிய விளக்கை ஏன் நீ அணைத்தாய்'னு ஒரு பாட்டு. அது ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு புல்லாங்குழல் வரும். ரேடியோவுல அந்தக் குழல் சத்தம் கேட்டாப் போதும், நான் கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு ஓடிப்போய் நிறுத்தோணும். வேற யாரும் எந்திரிக்க மாட்டாங்க. ஓடறது நான்தான். அந்தப் பாட்டு என்ற தலையில எழுதி வெச்ச குத்தமுங்க.

குத்தம் யாரோடதுன்னு போன ஆவணியிலதான் எனக்குத் தெரிஞ்சுது. இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

என்ற பேரு ராமாத்தாள். பொறந்தது காரமடை, வாக்கப்பட்டது சோமனூர். எங்கூட்டுக்காரர் குமாரசாமி, தறிக்குடோன் வெச்சிருந்தவரு, ஊரே மரியாதையாப் பேசும். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச மாட்டாரு, ஆனா பாட்டுன்னா பைத்தியம். நானும் அப்படித்தான். பாட்டுப் பைத்தியம் ரெண்டையும் சேர்த்து வெச்சாங்க, அப்புறம் பாட்டாலேயே என்னைக் கொன்னாங்க.

எழுவத்தொண்ணு, எழுவத்திரண்டுல பாட்டு எப்படி இருந்துதுன்னு இன்னிக்கு இருக்கறவங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க. ஊருக்கே ஒரு டீக்கடை ரேடியோ. சிலோன் ஸ்டேஷன் வைக்கற நேரம் பார்த்துத்தான் ஆம்பளைங்க டீ குடிக்கப் போவாங்க. பொம்பளைப் புள்ளைக நாங்க கடைக்கு எதிர்த்த கெணத்துல தண்ணி சேந்தற சாக்குல நிப்போம். கொடம் நெறைஞ்சாலும் நெறையாத மாதிரி நிப்போம். டென்ட் சினிமாக் கொட்டாய் வாசல்ல பத்துப் பைசாவுக்குப் பாட்டுப் புஸ்தகம் விப்பாங்க. ஒருத்தி வாங்கினா தெருவே மனப்பாடம் பண்ணிரும். பருத்தி எடுக்கப் போனா ஒருத்தி பல்லவி, ஒருத்தி சரணம். எவ அடியை மாத்திப் பாடறாளோ அவதான் எல்லார் மூட்டையையும் சேர்த்துச் சொமக்கோணும். நான் ஒரு நாளும் சொமந்ததில்லை. அத்தனை பாட்டும் அத்துப்படி.

அந்த வருசத்துல வந்ததுதான் விளக்குப் பாட்டு. பொண்டாட்டி செத்துப்போனவன் பாடற பாட்டு. ஐயோ, என்ன மெட்டு! கேட்டவங்க அழுதாங்க, அழுதவங்க மறுபடியும் போய்க் கேட்டாங்க. எங்கூட்டுக்காரர் அந்தப் படத்தை சோமனூர் டென்ட்டுல ஓடுன நாள் பூராப் பார்த்தாராமா. பின்னால தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப கல்யாணத்துக்கு வாரேன். அன்னிக்கெல்லாம் எங்க பக்கத்துல மைக் செட்டு பொண்ணூட்டுச் செலவு. தென்னை மரத்துல ரெண்டு ஸ்பீக்கர் கொழாயைக் கட்டி, விடியக்காலம் சாமி பாட்டு போட்டாத்தான் அது கல்யாண ஊடு. தாலி கட்டறப்போ கெட்டிமேளம். மேளம் நின்ன கையோட மைக் செட்டுல ஒரு மங்கலமான பாட்டு போடோணும். அந்த மொதப் பாட்டு எப்படியோ குடித்தனமும் அப்படின்னு ஒரு பேச்சு எங்க சனத்துக்குள்ள. அதனால மைக் செட்டுக்காரன்கிட்ட வெத்தலை பாக்கு கொடுத்து, எந்த ரிக்கார்டுன்னு முன்னாலயே சொல்லி வெப்பாங்க.

எங்க கல்யாணத்துக்கு செட்டு கொண்டு வந்தது சுந்தரராஜுலு. நாயுடு. எங்கய்யனுக்கு, அதாவது எங்கப்பாவுக்கு, சின்ன வயசுலயிருந்து சிநேகிதம். நான் ராஜுலு மாமன்னுதான் கூப்புடுவேன். காரமடையில அவரு போடாத கல்யாணம் கெடையாது. ஒரு ரிக்கார்டை எடுத்து வேட்டி நுனியில தொடைச்சு வெக்கறது கைக்கொழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி இருக்கும்.

தாலி ஏறுச்சு. மேளம் நின்னுது. ஒரு புல்லாங்குழல் வந்துது பாருங்க.

எனக்கு மொதல்ல சந்தோசமா இருந்துதுங்க, சாமி சத்தியமா. நமக்குப் புடிச்ச பாட்டாச்சேன்னு ஒரு நிமிசம். அப்புறம் 'ஏற்றிய விளக்கை'ன்னு ஆரம்பிச்சுது. எதிர்ல குத்து விளக்கு எரியுது, மேல கொழாய் விளக்கை அணைச்சுட்டான்னு அழுகுது. என்ற மாமியா சென்னியம்மாள் எந்திரிச்சு நின்னு, "இதென்ன கல்யாண ஊடா, எழவு ஊடா?"ன்னு ஒரே கத்து.

எங்கய்யன் ஓடுனாரு. ஓடிப்போய் ஊசியைப் புடுங்கி எறிஞ்சு, ராஜுலு மாமனைக் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அத்தனை ஒறம்பரைச் சனத்துக்கு முன்னால. ராஜுலு மாமன் கன்னத்தைத் தடவிட்டு மணவறையைப் பார்த்தாரு. ஒரே ஒரு பார்வை. நான் என்னைத்தான் பாவம்னு பார்க்கறாருன்னு நெனச்சேன். அப்புறம் தலையைக் குனிஞ்சுட்டு, "ரிக்கார்டு மாறிப்போச்சுங்க கவுண்டரே, மன்னிச்சுப்போடுங்க"ன்னாரு.

அதோட முடிஞ்சுதா? அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது. "உங்கய்யன் புடிச்சுட்டு வந்த மைக் செட்டு, உங்கய்யன் போட வெச்ச பாட்டு." தறியில சாஃப்ட் ஒடைஞ்சாலும் இதே பேச்சு, மாடு செத்தாலும் இதே பேச்சு. எனக்கு மொதக் கொழந்தை தங்கலை. ஆசுபத்திரியில இருந்து வெறுங்கையோட வந்து தள்ளாடி நிக்கறேன், படி தாண்டறதுக்குள்ள என்ற மாமியா சொன்னாங்க: "விளக்கை அணைச்சுட்டுத்தானே வந்தா. எரியுமா?"

இவரு பக்கத்துலதான் நின்னாரு. துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சுட்டு வெளிய போயிட்டாரு. ஆம்பளை, தாய்க்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல என்ன பேசுவாருன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

எங்கய்யன் அதுக்கப்புறம் சாகற வரைக்கும் எங்கூட்டுல கை நனைக்கலை. தீபாவளிச் சீரு கொண்டு வருவாரு, வாசல்ல எறக்கி வெப்பாரு, ஒரு சொம்புத் தண்ணி குடிப்பாரு, கெளம்பிருவாரு. "சாப்பிட்டுட்டுப் போங்கய்யா"ன்னு நான் அழுவேன். "எந்த மொகத்தை வெச்சுட்டுச் சம்பந்தி ஊட்டுல உக்கார்றது கண்ணு, என்னாலதானே உனக்கு இந்தப் பேச்சு"ம்பாரு. ராஜுலு மாமனோட பேச்சையே முறிச்சுட்டாரு. எங்க சனத்துல ஒருத்தரும் அதுக்கப்புறம் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்புடலை. செட்டை வித்துப்போட்டு மேட்டுப்பாளையம் மண்டியில உருளைக்கிழங்கு மூட்டைக்குக் காவல் இருந்தாருன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க, பேசிக்காமலே.

இதெல்லாம் பழைய கதை. இப்ப நடந்ததைக் கேளுங்க.

இவருக்கு எம்பது வயசு ஆச்சுன்னு எம்பதாங் கல்யாணம் பண்ணோணும்னு என்ற மக மோகனப்பிரியா ஒத்தக்கால்ல நின்னா. பீளமேட்டுல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. அவளுக்கு எதுலயும் ஒரு 'தீம்' வேணும். "அம்மா, அப்பாவுக்குப் புடிச்சது எழுபதுகள்ல வந்த பாட்டு. மண்டபம் பூரா அதுதான். ஆர்க்கெஸ்ட்ராவும் அதே பாட்டு, மேடையில பழைய ரேடியோ மாதிரி செட்டு, அப்பா பாட்டைப் பத்திப் பேசற வீடியோ ஒண்ணு"ன்னா. நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். ஆளுங்க வந்து இவருக்குப் புது வேட்டி கட்டி, நாற்காலியில உக்கார வெச்சு, லைட்டைப் போட்டுப் படம் புடிச்சாங்க. நான் அப்பப் பக்கத்து ஊட்டுல முறுக்குப் புழிஞ்சுட்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னால அந்த வீடியோவை மக எனக்கு போன்ல அனுப்பினா. அருவாமணையில காய் நறுக்கிட்டே பார்த்தேன். வாயைத் தொறக்காத மனுசன் என்ன பேச்சுப் பேசறாரு! டென்ட் கொட்டாய்ல மணலைக் குமிச்சு உக்காந்தது, தறிச் சத்தத்துக்கு மேல பாடுனது, எல்லாம் வருது. கடைசியில படம் புடிக்க வந்த புள்ளை ஒண்ணு கேக்குது: "ஐயா, உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு எதுங்க?"

இவரு சிரிச்சாரு. வெக்கப்பட்டுட்டு ஒரு சிரிப்பு. "விளக்குப் பாட்டுதானுங்க. அது மேல அத்தனை பித்து. என்ற கல்யாணத்தன்னிக்குக் காலையில மைக் செட்டுக்காரரைத் தனியாக் கூப்ட்டு, தாலி கட்டுனதும் அதைப் போட்டுருங்கன்னு நான்தானுங்க சொன்னேன். அவரு வேண்டாங்க மாப்பிள்ளைன்னாரு. நான்தான் விடலை. மெட்டைத்தான் கேப்பனுங்க, வார்த்தையை யாருங்க பார்த்தா?"

அருவாமணையை விட்டு எந்திரிச்சேன். மறுபடி போட்டுக் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொல்றாரு, மறுபடியும் அதே சிரிப்பு.

இவரு வாசல்ல பேப்பர் படிச்சுட்டிருந்தாரு. போனை மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "இதென்னங்க?"

பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. "அதுங்களா... அந்தப் புள்ளை நல்லாப் பேச்சுக் குடுத்துது, வாய் தவறி வந்துருச்சு புள்ள."

"வாய் தவறியா? நெசமா, பொய்யா?"

"நெசந்தான்."

"அப்புறம் ஏனுங்க அன்னிக்கே சொல்லலை? எங்கய்யன் அடிச்சப்போ ஏன் சொல்லலை?"

"எல்லாரும் சத்தம் போட்டாங்க. பயந்துட்டேன். அப்புறம் சொல்லறதுக்கு நேரம் வாய்க்கலை."

நேரம் வாய்க்கலையாமா! அம்பது வருசத்துக்கு மேல ஒரே ஊட்டுல, ஒரே அடுப்புச் சோத்தைத் தின்னுட்டு, நேரம் வாய்க்கலையாமா! தறிக்கு நூல் வாங்க நேரம் இருந்துது, கோயில் கமிட்டிக்கு நேரம் இருந்துது, எங்கய்யன் வாசல்ல நின்னு தண்ணி குடிச்சுட்டுப் போறதை வேடிக்கை பார்க்க நேரம் இருந்துது. அந்த மனுசன் செத்தப்போ பாடையைத் தூக்கக் கூட நேரம் இருந்துது. வார்த்தை ஒண்ணு சொல்ல மட்டும் இல்லை.

"செரி, போகட்டும்"னேன். "இந்த வீடியோவை மண்டபத்துல போடறாங்கல்ல. காரமடைச் சனமும் வருது, உங்க சனமும் வருது. எல்லாரும் கேக்கட்டும். எனக்கு அது போதும்."

தலையை ஆட்டினாரு. நானும் நம்பினேன் பாருங்க, என்ன சொல்றது.

கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல பெரிய திரை. வீடியோ ஓடுது. டென்ட் கொட்டாய் வந்துது, தறி வந்துது, சனம் கை தட்டுது. 'ரொம்பப் புடிச்ச பாட்டு எதுங்க'ன்னு அந்தப் புள்ளை கேக்குது. இவரு சிரிக்கறாரு. சிரிச்சதோட வீடியோ முடிஞ்சு, 'நன்றி'ன்னு எழுத்து வந்துருச்சு.

வெட்டிப்போட்டாங்க.

மக பக்கத்துலதான் நின்னா. "எங்க கண்ணு மிச்சம்?"னேன். அவ என்ற மொகத்தைப் பார்க்கலை. "அப்பாதாம்மா எடுத்துறச் சொன்னாரு. நல்ல நாள்ல எதுக்கும்மா பழசைக் கெளறிட்டு? அவருக்கு பிபி வேற இருக்கு."

அவருக்கு பிபி. எனக்கு என்ன இருக்குதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?

மணவறையில போய் உக்காந்தேன். ஐயர் மந்திரம் சொன்னாரு, சொன்னதெல்லாம் பண்ணினேன். தாலித் தட்டு சனத்துக்கு நடுவுல போய், எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு, திரும்பி வந்துது. இவரு தாலியை எடுத்துட்டு என்ற பக்கம் குனிஞ்சாரு. மேளக்காரங்க கையை ஓங்கிட்டாங்க. நான் ரெண்டு கையையும் கழுத்துக்குக் குறுக்க வெச்சுக்கிட்டேன்.

"மொதல்ல சொல்லுங்க"ன்னேன்.

"என்ன புள்ள இது, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். அன்னிக்கும் எல்லாரும்தான் பார்த்தாங்க."

ஐயர், "நாழி ஆறது"ங்கறாரு. மக ஓடி வந்து, "அம்மா, ப்ளீஸ்ம்மா"ங்கறா. நான் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கிட்ட கையை நீட்டி மைக்கை வாங்கினேன். இவரு கையில கொடுத்தேன். "வீடியோவுல சொன்னதை இதுல சொல்லுங்க. சொல்லாம இந்தக் கழுத்து குனியாது."

ஒரு கையில தாலி, ஒரு கையில மைக். எனக்கும் பாவமாத்தான் இருந்துது. ஆனா விடலை. அப்புறம் சொன்னாரு. "என்ற கல்யாணத்துல அந்த விளக்குப் பாட்டைப் போடச் சொன்னது நான்தானுங்க. மாமா இல்லை. மைக் செட்டுக்காரரும் இல்லை. அவரு என்னைக் காட்டிக் குடுக்காம அடி வாங்கினாரு."

காரமடைச் சனம் பக்கம் சலசலன்னு ஆச்சு. என்ற தம்பி மகன் எந்திரிச்சு நின்னுட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. அப்பத்தான் முன்வரிசையில இருந்து இவரோட அக்கா, என்ற நங்கையா, காது மந்தம், சத்தமாப் பேசறவிய, கேட்டாங்க பாருங்க:

"இதை எதுக்குடா இப்ப மைக்குல சொல்றே? நீ சொல்றப்போ நானும் பக்கத்துலதானே நின்னேன். அன்னிக்கே அம்மாகிட்டச் சொல்லிட்டேனே. அம்மாதான், 'வாயை மூடு, பழி அவிய பக்கமே இருக்கட்டும், நாளைக்குப் புள்ளை அடங்கி இருப்பா'ன்னுச்சு."

தெரியுமுங்க! சென்னியம்மாளுக்குத் தெரியும். ஆசுபத்திரியில இருந்து வெறுங்கையோட வந்தப்போ, 'எரியுமா'ன்னு கேட்டாங்களே, அப்பவும் தெரியும். அந்த ஊட்டுல நாலு சொவருக்கும் தெரியும். தெரியாதது எனக்கும் எங்கய்யனுக்கும்தான். குழல் சத்தம் கேட்டு நான் ஓடறதைப் பார்த்துட்டு இத்தனை பேரும் சும்மா உக்காந்திருந்திருக்காங்க.

எனக்கு அழுகை நின்னுபோச்சு. ஆர்க்கெஸ்ட்ராவைப் பார்த்து, "விளக்குப் பாட்டு தெரியுமாங்க?"ன்னேன்.

"தெரியாம இருக்குமாங்களா, ஆனா மணவறையில..."ன்னு அந்த மனுசன் இழுத்தாரு.

"அன்னிக்குப் பாதியில புடுங்கிப்போட்டாங்க. இன்னிக்கு முழுசாப் பாடுங்க. முடிஞ்சப்புறம் தாலி ஏறட்டும்."

ஐயர் வாட்சைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன். அவரு வாட்சைத் துண்டால மூடிக்கிட்டாரு.

குழல் வந்துது. என்ற காலு தானா எந்திரிக்கப் பார்த்துதுங்க, போய் நிறுத்தறதுக்கு. முழங்காலைக் கையால அமுக்கிப் புடிச்சுட்டு உக்காந்தேன். பல்லவி, ரெண்டு சரணம், மறுபடி பல்லவி. ஒரு அடி கூட மறக்கலை, எல்லாம் வாய்க்குள்ளயே பாடினேன். எத்தனை நல்ல பாட்டு! ஒரு பொம்பளைக்குப் புடிச்ச பாட்டை எடுத்து அவளையே அடிக்கறதுக்கு எப்படிங்க மனசு வந்துது?

பாட்டு முடிஞ்சுது. இவரு தாலியைப் புடிச்சுட்டு அப்படியே குனிஞ்சு நிக்கறாரு, கண்ணுல தண்ணி ஒழுகுது. "கட்டட்டுமா ராமாத்தா?"ன்னாரு. கல்யாணமானதுல இருந்து என்னைக் கேட்டு அவரு செஞ்சது அது ஒண்ணுதான்.

"கட்டுங்க. ஆனா மொதப் பந்தியில எங்கய்யனுக்கு ஒரு இலை போடோணும். நீங்கதான் பரிமாறோணும்."

கட்டினாரு. சொன்ன மாதிரியே பந்தியில காரமடைச் சனத்துக்கு நடுவுல ஒரு இலை போட்டாங்க. எம்பது வயசு மனுசன், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, சோத்துக் கரண்டியைப் புடிச்சாரு. சோறு வெச்சாரு, பருப்பு வெச்சாரு, நெய் ஊத்தினாரு. நெய் இலைக்கு வெளியயும் போச்சு. "சாப்பிடுங்க மாமா"ன்னாரு. எல்லாரும் அழுதாங்க. என்ற மக அழுதா. நங்கையா கூட மூக்கைச் சிந்தினாங்க.

அப்ப உன்ற கோவம் தணிஞ்சுதான்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் அந்த இலைக்கு எதிர் இலையிலதாங்க உக்காந்திருந்தேன். பாயசம் வர்ற வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன். சோறு ஆறிப்போச்சு, நெய் உறைஞ்சுபோச்சு. எங்கய்யன் வரலை.